முப்பத்திரண்டு சிசி

பிள்ளைப்பாக்கத்து மனைகளில் வீடுகள் எழும்பாத காலம் அது. ஞாயிறுதோறும் நானும், கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நின்ற மேரியும் அந்தக் காலிச் சாலையில் பெட்ரோல் ரிமோட் கார்களை ஓட்டுவோம். அவளுடைய இருபத்து மூன்று சிசி இன்ஜினிடம் தோற்றுத் தோற்று, நான் முப்பத்திரண்டு வாங்கி மாட்டினேன்.

"உன் வண்டிக்கு அது ரொம்ப பெருசுப்பா. நேரா போவும், வளைவுல இன்னா பண்ணுவ?" என்றாள்.

"உனக்குப் பொறாமை."

நேர்ச்சாலையில் என் கார் பறந்தது. வளைவில் எகிறி, மனைக்கல்லில் மோதிச் சிதறியது. ஜெயிக்க வேண்டிய தன் காரை நிறுத்திவிட்டு, மேரி புல்லில் குனிந்தாள்.

"சிரிச்சிடு மேரி."

"மொதல்ல நட்டுங்கள தேடு."

இன்று அங்கே வரிசையாக வீடுகள். மேரியும் வேலை மாறிப் போய்விட்டாள். என் காரில் இருப்பது இருபத்து மூன்று சிசிதான். பொறாமை யாருக்கு என்பது எனக்கு அன்றே தெரியும்; அவளிடம்தான் சொல்லவில்லை.