பூராடத்துக்காரி கை

ஆனி மழையில் எங்கள் வீட்டு வேலை நின்றது. வங்காளத்துக் கொத்தனார் சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல இப்ப ஆஷாட் மாசம் அக்கா. நட்சத்திரத்தோட பேரு."

வடக்கே பூர்வ ஆஷாடா. நமக்குப் பூராடம். என் நட்சத்திரம்.

நான் சிறுமியாக இருந்தபோது கீரமங்கலத்தில் சித்தப்பா கல்யாணம். மல்லிகையும் விறகுப் புகையும் கலந்து மணக்க, தேங்காய்மேல் தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்குக் கைமாறி வந்தது. எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் கையை நீட்டினேன். அப்பாவின் அக்கா ஓங்கி அடித்தார்.

"பூராடம் கழுத்துல நூலாடாது. பூராடத்துக்காரி கை தாலியில படக்கூடாது. அங்கிட்டுப் போடி."

கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. தட்டு என்னைத் தாண்டிப் போனது.

நேற்று அதே அத்தை போன் செய்தார். "பேத்திக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பூராடம். வெளிய உத்திராடம்னு சொல்லியிருக்கோம், நீயும் அப்படியே சொல்லு. நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வையி."

மழை விடுவதற்குள் அத்தையை அழைத்தேன்.

"ஆஷாடான்னு வைங்க அத்தை."

"புதுசா, நல்லாருக்கே."

தொட்டில் போடும் நாளில், ஊர் பார்க்க, குழந்தையின் காதில் அந்தப் பெயரை அத்தைதான் சொல்வார். சொல்லி முடிக்கட்டும். அர்த்தத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.