சிவப்புக் கொடிக்காரி

மலையுச்சிக்கு அவள் வந்தாலே பாராகிளைடிங் பைலட்டுகளுக்கு முகம் கடுத்துவிடும். "வந்துட்டா சிவப்புக் கொடி" என்று முணுமுணுப்பார்கள். அவள் பச்சைக் கொடி காட்டினால்தான் யாரும் பறக்கலாம். காற்று சரியில்லை என்றால் சிவப்புதான். அப்புறம் கெஞ்சினாலும் மிஞ்சினாலும் கொடி இறங்காது.

ஒரு காலத்தில் அவளும் பைலட்தான். அங்கே ஆட்களைப் பறக்கவிடும் தொழிலை நடத்துவது அவள் கணவனின் தம்பி. ஒருநாள் மதியம், முரட்டுக் காற்றில் அவளை வற்புறுத்திப் பறக்க விட்டான். இறக்கை மடங்கிப் பாறைச் சரிவில் விழுந்தாள். ஸ்ட்ரெச்சர் வரட்டும் என்று அவள் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. கொழுந்தனும் இன்னொருவனும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். முதுகெலும்பில் கம்பி வைத்த பிறகும் இடது கால் சரியாகவில்லை. தூக்கியதால்தானா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை. எழுந்து நடந்ததும் சுற்றுலாத் துறையில் இந்தக் கொடி வேலையைக் கேட்டு வாங்கினாள்.

போன கோடையில் ஒரு மதியம் காற்று முறுக்கிக்கொண்டது. சிவப்பை ஏற்றினாள். வாடிக்கையாளர்களோடு வந்த கொழுந்தன் கொதித்தான்.

"என் பிழைப்புல மண்ணப் போடத்தான் இந்த வேலைக்கு வந்தீங்களா அண்ணி?"

"ஆமா. அப்படியே வச்சுக்கோ."

காற்றில் ஒன்றுமில்லை என்று காட்டுகிறேன் பார் என்று, அவளை இடிக்காத குறையாகத் தாண்டி ஓடித் தனியாகப் பறந்தான். கொஞ்ச தூரத்திலேயே இறக்கையின் ஒரு பக்கம் சுருண்டது. சுழன்று போய்ப் புல் சரிவில் விழுந்தான்.

அவள் நொண்டியபடி இறங்கிப் போவதற்குள் பைலட்டுகள் அவனைத் தூக்கக் குனிந்துவிட்டார்கள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றாள். வெயிலில் உட்கார்ந்து, அவன் தலை அசையாதபடி இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வரத் தாமதமானது. பழிவாங்குகிறாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். பிடி தளரவில்லை.

"வலிக்குது, விடுங்க அண்ணி."

"வலிக்கட்டும்."

அந்தச் சொல்லில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது. வெட்கப்படவில்லை.

கழுத்தெலும்பில் விரிசல், தொடை எலும்பு முறிவு. இந்தக் கோடைக்குள் எழுந்து நடமாடினான். போன இடமெல்லாம் சொன்னது, அண்ணி என்னை வெயிலில் போட்டு வாட்டினாள் என்பதுதான். அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று மாமியார் வந்து நின்றார்.

"உங்க பிள்ளை நடக்குறான்ல? போதும்."

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றது. கணவன் மட்டும் தம்பி வீட்டுக்கு ஒளிந்து ஒளிந்து போய் வருகிறான். அவள் கண்டுகொள்வதில்லை.