ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் மீன் டாக்டர் என்று பெயர். மற்றவர்கள் அதை மரியாதையாகத்தான் சொல்வார்கள். கேலியாகச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். உண்மையில் மாமா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி குத்துகிறவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வரிசையில் இருப்பவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராகிவிடுவார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மீன் வைத்தியம். எந்த வீட்டு மீன் லேசாகச் சாய்ந்து நீந்தினாலும் அதன் போட்டோ மாமாவின் போனுக்கு வந்துவிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் மீனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பூஞ்சை" என்பார். இல்லாவிட்டால் "குடல்புழு". இரண்டும் அலுத்துப்போனால் "மலச்சிக்கல்".

"போட்டோவுல மலச்சிக்கல் எப்படி மாமா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாருடா."

பார்த்தேன். கேள்வி கேட்டால் மாமாவின் முகம் எப்படி ஆகுமோ, மீனின் முகம் அப்படித்தான் இருந்தது.

நோய் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: நீல மருந்து நாலு சொட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பு. மீன் பிழைத்தால் மாமாவின் கைராசி. செத்தால், "லேட்டா காட்டுனா நான் என்ன பண்றது?" தோற்கவே வழியில்லாத தொழில். நானும் ஏதாவது இப்படி ஒன்றைப் படித்திருக்கலாம்.

இவ்வளவு பெரிய வைத்தியரின் கூடத்தில், மூன்றடித் தொட்டியில், நாலு தங்க மீன்கள் இருந்தன. ஆறு மாதத்தில் மூன்று போய்விட்டன. மூன்றுக்கும் மூன்று நோய் சொன்னார். மிஞ்சியது குண்டன். கட்டைவிரல் அளவில் அக்கா ஆசையாக வாங்கி வந்த மீன், இப்போது கைமுஷ்டி அளவு. அவள் குரல் கேட்டால் கண்ணாடியோரம் ஓடி வரும். எங்களோடு பேசுவதைவிட அதனோடு அக்கா தணிவாகப் பேசுவாள். அந்தக் குண்டனும் இப்போது செவுள் ஓரமெல்லாம் சிவந்து, மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனை வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டியை அடியோடு காலி செய்வார். கூழாங்கற்களைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்ப்பார். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைப்பார். "ஒரு கிருமி இருக்கக் கூடாது" என்பார், பரிசோதனை நிலையத்தில் சொல்கிற அதே குரலில். பிறகு புதுத் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டு, அரைமணி நேரம் கழித்து டெஸ்ட் பெட்டியைத் திறப்பார். குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர், இரண்டு மருந்து, ஐந்து நிமிடம். மஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். பச்சையாக மாற மாற, மீனின் கழிவே விஷமாகித் தண்ணீரில் சேருகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ஞாயிறும் பளிச்சென்று மஞ்சள்தான்.

"பாத்தியா? என் தண்ணில ஒரு குறையும் கிடையாது. நோய் மீனுக்குள்ள இருக்கு!"

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தாங்க இருக்கு. வியாழக்கிழமை வந்தா மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. போன வாரமும் அப்படித்தான், அதுக்கு முந்தின வாரமும்" என்றாள் அக்கா.

"மீனுக்குக் கிழமை தெரியுமா? பேசாம இரு."

அவளும் பேசாமல்தான் இருந்தாள். அக்கா பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இது இருபது வருடமாக மாமாவுக்குப் புரியாத விஷயம்.

அடுத்த வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள். குண்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. மாமா வீட்டில் வைத்திருக்கும் சாம்பிள் டப்பாக்களில் ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கி மூடினாள். டெஸ்ட் பெட்டியைப் பைக்குள் போட்டாள்.

"வண்டிய எடு. உங்க மாமா லேபுக்கு."

பரிசோதனை நிலையத்தில் டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு மர டிப்போக்காரர். மாமா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இனிப்பத் தொடாம, ஓடி ஓடி நடந்துட்டு வந்து கைய நீட்டுறீங்க. யாருக்காக இந்த டெஸ்ட்டு? எனக்கா? ரிப்போர்ட்ட ஏமாத்திடலாம். உடம்ப ஏமாத்த முடியுமா? எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படி வாங்க!"

டிப்போக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார். அக்கா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவையும் டெஸ்ட் பெட்டியையும் மேஜைமேல் வைத்தாள். டப்பாமேல் ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்து. பெயர்: குண்டன். எடுத்த நாள்: வியாழன்.

"என்ன இது? இங்க எதுக்கு வந்த?" என்றார் மாமா.

"எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே எடுத்துட்டு வந்திருக்கேன். கழுவாம."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம். மாமாவின் கை பழக்கத்தில் தானாகவே குழாயை எடுத்தது, சொட்டுகளை எண்ணி விட்டது. ஐந்து நிமிடம் எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் வந்தது, அது வெளிர் பச்சையாயிற்று, பிறகு இலைப் பச்சையாயிற்று, முடிவில் பெட்டியோடு வந்த நிற அட்டையில் கடைசிக் கட்டத்தில் இருந்த கரும்பச்சையில் போய் நின்றது. ஆயிரக்கணக்கான பேருக்குக் கெட்ட ரிப்போர்ட்டை நீட்டிய மனிதர், அந்தக் குழாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு மாமா நேராக மீன் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன், விடுவேனா? கடைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "பஞ்ச வேக வச்சீங்களா?" மீனின் கழிவைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்குமாம். மாமா வாரா வாரம் அதுகளைக் குடும்பத்தோடு அவித்திருக்கிறார். தப்பியதுகளை நீல மருந்து பார்த்துக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் கால்வாசித் தண்ணீர்தான் மாற்றினார்கள், அதுவும் ஒரு நாள் முன்பே பிடித்து வைத்த தண்ணீர். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினாள் அக்கா. மாமாவுக்குத் தொட்டியைத் தொட அனுமதியில்லை, டெஸ்ட் மட்டும் செய்யலாம், அதுவும் அவள் சொல்கிற நேரத்தில். முதல் வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது வாரம் குண்டன் நிமிர்ந்து, அவள் குரலுக்குக் கண்ணாடியோரம் வந்தது. அக்கா விசும்பி விசும்பி அழுதாள்.

மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் குழாய், உள்ளே மஞ்சள். வியாழக்கிழமை மஞ்சள், நிஜ மஞ்சள். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ... மத்த மூணுக்கும் என்னதான் வியாதியா இருந்திருக்கும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு."