நாற்பத்தோராவது மரம்

பிரிசில்லாவிடம் அவள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், பிறந்த ஊரையோ படிப்பையோ சொல்ல மாட்டாள். செத்துப்போன மரம் ஒன்றை உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் என்று சொல்வாள். அந்த மரம் அன்றைக்குச் செத்திருந்ததா என்பதில் இன்னொருத்திக்கு வேறு அபிப்பிராயம் உண்டு.

அவள் பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான், பி.காம். சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில் கடற்கரைக் குப்பங்களில் இடிந்த வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. எந்தச் சுவர் நின்றது, எது விழுந்தது, எந்தக் கூரையின் கீழ் மனிதர்கள் பகலில் இருக்க முடிகிறது என்று பார்க்கப் பழகியது அப்போதுதான்.

2006இல் சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மருந்துக்கடை மாடியில் நிழல் வீட்டுக் கடன் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் சபாபதி, ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர். பணம் போட்டவர்கள் பெரிய ஆட்கள் அல்ல. சில ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற நர்சுகள், வட்டியே வேண்டாம், முதல் பத்திரமாக இருந்தால் போதும் என்று சொன்ன ஒரு லால்பேட்டைக் குடும்பம். வெயிலைத் தாங்குகிற, சிமெண்ட் குறைவாகச் செலவாகிற வீடுகளுக்கு மட்டுமே சங்கம் கடன் கொடுத்தது. அழுத்திய மண் கல், ஓட்டுக் கூரை, மழைநீர்த் தொட்டி, மாடு இருந்தால் சாண எரிவாயு அடுப்பு. சங்கம் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில், பூமி சூடாகிறது, கடல் சூடானால் புயல்கள் வலுக்கும் என்று நான்கு வரி இருந்தது.

கடனுக்கு ஈடாகச் சங்கம் நிலத்தையோ நகையையோ கேட்கவில்லை. பலா மரத்தைக் கேட்டது. பண்ருட்டிப் பக்கத்தில் பிஞ்சு விட்டதும் வியாபாரி வந்து, மரத்தை அண்ணாந்து பார்த்து, அந்த வருடக் காய்ப்பு முழுவதற்கும் ஒரு விலை பேசிவிடுவார். அப்படி ஒரு மரத்துக்குக் கிடைக்கும் தொகை வருடத்துக்கு ஒரு முறை சங்கத்துக்கு வரும். மரம் இயற்கையாகப் பட்டுப்போனால் மீதிக் கடனும் அதோடு முடிந்தது. இந்த விதியை எழுதியவர் சபாபதி. சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து அதை வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டியவள் பிரிசில்லா.

காடாம்புலியூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ராசம்மாளை அவள் 2007இல் பார்த்தாள். கீற்றுக் குடிசை, அதன் பக்கத்தில் நாற்பது வயதுப் பலா மரம். நிலம் ராசம்மாள் பெயரில் இருந்தது. புருஷன் கோவிந்தசாமி முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார்.

“பத்திரம் வேணாம், நகை வேணாம், மரம் போதும்ன்ற. ஆள் அசந்த நேரத்துல பேத்துக்கினு பூடுவியா?” என்றாள் ராசம்மாள்.

“நாப்பது வருசத்து மரத்த எங்க யக்கா தூக்கிக்கினு போறது? பஸ்ல ஏத்த மாட்டான்.”

“லக்கேஜ் போட்டா ஏத்துவான்” என்றார் கோவிந்தசாமி.

“நீ சும்மா இரு. ஏம்மா, மரம் செத்துப்பூட்டா?”

“கடனும் செத்துது. எழுதியிருக்குது, படிக்கிறேன், கேளுங்க.”

ராசம்மாள் முழுவதும் கேட்டாள். பிறகு சிரித்தாள். “எங்கூர்ல மனுசன் செத்தாலே கடன் சாவறதில்ல. பொண்டாட்டி தலைல வந்து உக்காந்துக்கும். மரம் செத்தா சாவுதாமே! இது எந்த ஊரு சட்டம்?”

“எங்க சங்கத்துச் சட்டம். நான் சொல்றேன், நம்பு யக்கா.”

நம்பினாள். வீடு எழுந்தது. நிழலுக்காக மரத்தை ஒட்டியே கட்டச் சொன்னது சங்கம்தான். அடுத்தடுத்த கோடைகளில் மின்சாரம் பாதி நாள் போய்விடும். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் விசிறி மட்டையோடு ராசம்மாள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். “காசு கட்டிட்டு உள்ள வாங்க” என்று அவள் வாசலில் நின்று கேலி செய்வாள். நான்கு பருவம் மரம் காய்த்தது, நான்கு தவணை கட்டினாள். இதைப் பெரிய சாதனை என்று சொல்ல முடியாது. சங்கத்தின் கடனில் எழுந்த நூற்று நாற்பத்து மூன்று வீடுகள் ஒரு மாவட்டத்தின் வெயிலில் எதையும் மாற்றிவிடாது. ஆனால் சொன்னது சொன்னபடி நடந்தது. அந்த வருடங்களில் பதினொரு மரங்கள் தண்டழுகலிலும் இடியிலும் பட்டுப்போயின; பதினொரு கடன்களையும் சங்கம் ஒரு கேள்வியும் கேட்காமல் முடித்தது. பிரிசில்லாவின் வார்த்தைக்கு ஊர்களில் மதிப்பு வந்தது இதனால்தான்.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் தானே புயல் கரை ஏறியது. மதியம் காற்று நின்றபோது பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வரிசை வரிசையாக ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ராசம்மாளின் மரம் வீட்டின் மேலேயே சாய்ந்து ஓட்டுக் கூரையை நொறுக்கியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததால் பிழைத்தார்கள்.

தனித்தனியாக வருகிற சாவுக்காக எழுதப்பட்ட விதி அது. எல்லா மரத்துக்கும் ஒரே காலையில் சாவு வரக்கூடும் என்று அதை எழுதியவர் நினைக்கவில்லை. புயல் வலுக்கும் என்று அதே தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தும் நினைக்கவில்லை. நல்லவர்கள் செய்கிற பிழை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தெரிந்த ஒன்றை இன்னொரு தெரிந்த ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஜனவரிக் கடைசியில் சங்கத்தின் கமிட்டி கூடியது. கணக்குப் பார்க்கும் அருள் பிரகாஷ்தான் பேசினார். “நாப்பது மரம் வரைக்கும் செத்ததா எழுதலாம், சங்கம் தாங்கும். அதுக்கு மேல போனா மூடிட வேண்டியதுதான். நிறைய பேர் மரத்தை நிமித்தி வெச்சிருக்காங்க. துளிர் விட்டா அது உயிர்தானே? உயிர்னு எழுதுங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷம் தவணை வேணாம். மரம் இப்ப காய்க்காது; அதனால ஈடு மட்டும் வீட்டு மேல மாத்திக்கலாம்.”

அவர் கெட்டவர் அல்ல. அந்த ஏற்பாட்டில் இரக்கமும் இருந்தது.

மாடிப்படியில் ஆரோக்கியம்மாள் காத்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்து வந்த பணத்தைச் சங்கத்தில் போட்டுவிட்டு வாடகை அறையில் இருப்பவர். முதல் பத்திரமாக இருக்கும் என்று அவரிடமும் பிரிசில்லாதான் பேசிப் பணம் வாங்கியிருந்தாள்.

“எத்தினி மரம்மா போச்சு?”

“இன்னும் பாக்கல, சிஸ்டர்.”

“பாக்கத் தேவையில்ல, பஸ்ல வரும்போதே தெரியுது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவுங்களுக்குக் குடுத்தது மட்டும்தான் வாக்கா? எனக்கு நீ குடுத்தது என்னா, வெறும் பேச்சா?”

இரண்டு வாக்குகளையும் பிரிசில்லா ஒரே வாயால் கொடுத்திருந்தாள். இரண்டும் அந்தந்த நேரத்தில் உண்மையாகத்தான் இருந்தன.

பிப்ரவரி முழுக்க அவள் ஊர் ஊராக நடந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மரங்களில் தொடங்கினாள். நடுவில் முறிந்தவை, வேரோடு பிடுங்கிக் கிடந்து காய்ந்தவை, அறுத்து லாரியில் ஏற்றப்பட்டுவிட்டவை என்று ஒவ்வொன்றாகச் செத்ததாக எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் நாற்பது ஆயிற்று. நாற்பத்தோராவது மரம் ராசம்மாளுடையது.

வீட்டின் மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. மரத்தை ஜேசிபி வைத்துத் தூக்கி நிறுத்தி, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, வேர்மேல் மண் அணைத்திருந்தார்கள். கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டு வெறும் தண்டாக நின்றது. இடுப்பு உயரத்தில் நான்கு தளிர்கள் மினுமினுத்தன.

“பாத்தியா?” என்றாள் ராசம்மாள். “நாலு எலை! தெனம் பதினஞ்சு கொடம் ஊத்தறேன். இந்தாளுக்குக் குளிக்கக்கூட அவ்ளோ தண்ணி குடுத்ததில்ல.”

“அதான் ஊரே மூக்கப் புடிக்குது” என்றார் கோவிந்தசாமி.

பிரிசில்லா குனிந்து நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். தளிருக்குப் பக்கத்தில் பச்சை. ஒரு முழம் கீழே பழுப்பு. வேரருகே சுரண்டியபோது பட்டை தூளாக உதிர்ந்தது. ஐந்து வருடமாக மரங்களைப் பார்த்தவளுக்கு இதற்கு என்ன பொருள் என்று தெரியும். தண்டில் மிச்சமிருந்த நீரில் வந்த தளிர் அது. வெட்டிப் போட்ட கட்டையிலும் வரும். கத்திரி வெயில் வரை தாங்காது.

“யக்கா, இது...” என்று தொடங்கினாள். “செத்துதுன்னு எழுதுனா உன் கடன் முடிஞ்சிடும், தெரியுமில்ல?”

ராசம்மாளின் முகம் மாறிவிட்டது. “என்னாத்துக்கு அப்படி எழுதுவ? கண்ணு இல்லியா உனக்கு? எலை விட்டுக்கினு நிக்கிறத எம் முன்னாடியே செத்துதுன்னு எழுதுவியா? கடனுக்காவ உசுரோட இருக்கறத சாவடிக்க சொல்றியா?”

“வீட்டு மேல எழுதிக் கேப்பாங்க யக்கா.”

“கேக்கட்டும். ரெண்டு வருசத்துல காய்க்கும். கட்டிட்டுப் போறேன்.”

பிரிசில்லா வேரருகே பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராசம்மாளுக்கு மரம் உயிரோடு இருக்க வேண்டும். ஆரோக்கியம்மாளுக்கும் கமிட்டிக்கும் உயிரோடு இருக்க வேண்டும். தன் சம்பளத்துக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அவள் அந்த நிமிடமே அறிந்திருந்தாள். இத்தனை பேர் விரும்புகிற ஒன்றை எழுதப் பேனாவுக்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. “உயிருடன் உள்ளது” என்று எழுதினாள். அதற்குப் பிறகு வந்த அத்தனை மரங்களும் உயிருடன் இருந்தன.

மார்ச்சில் ராசம்மாள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். மே மாதம் இரண்டாவது வாரம் தளிர் கருகியது. பருவத்தில் ஒரு மரத்திலிருந்தும் சங்கத்துக்குப் பணம் வரவில்லை. பணம் போட்டவர்கள் படியேறி வந்து கேட்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் சங்கம் தன் கடன் பத்திரங்களைப் பண்ருட்டியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்துக்கு வந்த விலைக்கு விற்றுவிட்டு மூடியது. ஆரோக்கியம்மாளுக்கு அவர் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. சபாபதி யாரையும் பார்ப்பதில்லை. நிறுவனத்துக்கு இரண்டு வருட அவகாசம் பற்றிய கவலை இல்லை. ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு வரியைக் காட்டி, உடனே கட்டு அல்லது வீட்டை விடு என்று நோட்டீஸ் அனுப்பியது.

பிரிசில்லா கடலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். பிப்ரவரியில் மரம் செத்திருந்தது என்று நிரூபித்தால், அன்றே கடன் முடிந்தது, அதன்மேல் போட்ட புது ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடலாம் என்றார் அவர். தான் பொய் எழுதியதாக அவளே எழுதிக் கொடுக்க வேண்டும். அவள்மேல் வழக்கு வரலாம். கூடவே மரத்துக்காரியும் சொல்ல வேண்டும். பட்டியல் பிசகிய இடம் நாற்பத்தோராவது மரம் என்பதால் முதலில் அந்த வாக்குமூலம் தேவை. அது நின்றால் மற்ற வீடுகளுக்கும் வழி பிறக்கும்.

எழுதிய தாளோடு ஜூலையில் அவள் போனாள். ராசம்மாள் முந்திரிக் கொட்டைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். பிரிசில்லா எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையைச் சுரண்டியதையும், தெரிந்தே எழுதியதையும் சொன்னாள். ராசம்மாள் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல நான் என்னா சொல்லணும்?”

“அன்னிக்கே மரம் செத்திருந்துச்சுன்னு.”

“இல்லியே. எலை இருந்துச்சே.”

“யக்கா, அது கட்டைல வர்ற தளிர். வேர் போயிடுச்சு. எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சத நீ எழுதிக் குடு. நான் பாத்தது எலை. கோர்ட்டுல நின்னு அத இல்லைன்னு சொல்லச் சொல்றியா?”

“வீடு போயிடும் யக்கா!”

“தெரியுது.”

கோவிந்தசாமி எழுந்து வந்தார். “எடு, நான் போடறேன் கையெழுத்து. செத்துதான் கெடந்துச்சு. யாரு வந்து கேட்டாலும் சொல்றேன்.”

“நீ போட்டா, நான் போயி இல்லைன்னு சொல்லுவேன்” என்றாள் ராசம்மாள். “பதினஞ்சு கொடம் ஊத்தனது நான்.”

அவர் திரும்பப் போய் உட்கார்ந்தார். பிரிசில்லாவின் சங்கம் ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் ஊர் ஊராக அலைந்தது. பத்திரம் கேட்காமல் வாயால் சொன்னதை நம்பிக் கடன் கொடுக்கக்கூடிய ஆட்கள். அவர்களில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, தன் வீட்டைக் காப்பாற்றக்கூடிய ஒரே வரியைச் சொல்ல மறுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்லி வாதாடுவது என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

ராசம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்து, சாக்கை இழுத்து, மீதிக் கொட்டைகளையும் கொட்டிப் பரப்பினாள்.