லார்டு, வார்டன், தனபாக்கியம்

தனபாக்கியம் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் மன்னார்குடி பஸ்ஸில் மூட மறுத்த ஜன்னல் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி வேதாரண்யத்திலிருந்து பேசினாள். "டீச்சர், வார்டனம்மா போயிட்டாங்க. நேத்திலேருந்து பொம்பளைங்க வார்டுலதான் இருந்தாங்க" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டில் படுத்த வார்டன், பக்கத்துக் கட்டில்காரிக்கு அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லாமல் கண்ணை மூடியிருக்க மாட்டார். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வீர்கள்.

நீடாமங்கலத்தில் ஆதிதிராவிடர் மாணவியர் விடுதிக்கு அவர் வார்டன். அதே ஊர்ப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் 'வாங்க, போங்க'விலிருந்து நாங்கள் கடைசிவரை கீழே இறங்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கு வந்து என் மேஜை முன்னால் கோபமாக உட்கார்ந்தார். பெண்ணைச் சேர்க்க வந்த ஒரு தாய், 'வார்டன்' என்று கேட்டதும் ஜெயில் ஞாபகம் வந்து மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். இந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார்.

எனக்கு இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும். பள்ளிக்கூடத்துத் தடித்த அகராதியை இறக்கினேன். வார்டு என்றால் காவல், கண்வைத்துக் காப்பது. காக்கிறவர் வார்டன். ஆஸ்பத்திரி வார்டும் ஊராட்சி வார்டும் ஒருவர் கண்காணிப்பில் விட்ட பகுதிகள். துணியைக் காப்பது வார்ட்ரோப். வீட்டைக் காப்பவர் ஸ்டீவர்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? லார்டு என்ற சொல்லுக்குள்ளும் இந்த வார்டுதான் தேய்ந்துபோய்க் கிடக்கிறது என்றேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ரொட்டிக்குக் காவல் இருப்பவர் என்று பொருள். லேடி என்றால் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். வீட்டு வேலையாளுக்கு, ரொட்டி தின்கிறவன் என்றே ஒரு பெயர் இருந்தது. நிலத்தைச் சேர்த்துக்கொண்டால் லேண்ட்லார்டு. நம் ஊர் மிராசுதாரரும் அதுதான், வாடகைக்கு வீடு விடுகிறவரும் அதுதான்.

அவர் சொன்னார்: "எங்கப்பாவும் காவல்தான் டீச்சர். களத்துல அம்பாரமா நெல்லைக் குவிச்சு, மேல சாணிப்பால் குறி போட்டுட்டு மிராசுதாருங்க போயிடுவாங்க. குறி கலைஞ்சா அவருதான் திருடன். மழையிலயும் பனியிலயும் கெடந்து காத்தாரு. அவரை யாரும் லார்டுன்னு கூப்பிடலியே." நான் அகராதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் தை மாதம் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் அறுவடையை நிறுத்தினார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வயலைச் சுற்றிப் போலீஸ் பந்தோபஸ்து. விடுதி நடந்தது ஒரு மிராசுதாரரின் வாடகைக் கட்டடத்தில். கரைவேட்டிக்காரர், வட்டம் மாவட்டம் எல்லாம் அவருக்குக் கைக்குள். விடுதிப் பெண்களில் பத்துப் பதினைந்து பேர் அவருடைய வயலில் வேலைக்குப் போகாமல் நின்ற தெருவைச் சேர்ந்தவர்கள். ஒரு காலை, நான் விடுதியில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குத் தனி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது மிராசுதாரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தத் தெருப் பெண்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்றார். கணக்கு எனக்கே புரிந்தது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு இன்னொரு பசித்த வயிறு போனால், அப்பன் மறுநாளே அரிவாளைத் தூக்கிக்கொண்டு வயலில் நிற்பான். பொதுத்தேர்வுக்கோ இரண்டு மாதம்தான் இருந்தது. போகிற பெண் திரும்பி வருவாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தனபாக்கியம் சொன்னது இது: "கட்டடம் உங்களதுங்கய்யா. இன்னைக்கே காலி பண்ணிடுறோம். ஆனா ஒரு புள்ளையையும் அனுப்பறதா இல்லை."

மிராசுதாரர் இதை எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக நானும்தான். மதியத்துக்குள் இரண்டு மாட்டுவண்டி வந்தது. அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு, டிரங்குப் பெட்டிகள் எல்லாம் ஏறின. பெண்கள் வரிசையாக நடந்தார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "மொதல்ல ரயில்வே கேட்டைத் தாண்டுவோம் டீச்சர், அப்புறம் பாப்போம்" என்றார்.

எங்கள் ஊர் கேட்டைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். சாத்தினால் லேசில் திறக்காது. இஞ்சின் முன்னால் போகும், பின்னால் வரும், யோசிக்கும். அன்றும் சாத்தித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நீண்டுவிட்டன. தனபாக்கியம் பெண்களை டிரங்குப் பெட்டிகளின்மேல் உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாதியில நிறுத்தினீங்களே, நடத்துங்க" என்றார். நடுரோட்டில், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களுக்கு நடுவே, வெட்கத்தை விட்டு இலக்கணம் நடத்தினேன். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி விசாரித்தார்கள். விஷயம் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் போயிற்று. ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் மிராசுதாரரைத் திட்டினார். கேட் திறக்கப்போகும் நேரத்தில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் லாரியிலிருந்து இறங்கி வந்தார். மிராசுதாரர்களின் நெல்லை நம்பிப் பிழைக்கிறவர்தான் அவரும். தம் பழைய கிடங்கு காலியாக இருக்கிறது, தவிடு நாற்றம் மட்டும் அடிக்கும் என்றார்.

அந்தக் கிடங்கிலிருந்துதான் பெண்கள் தேர்வு எழுதினார்கள். அறுவடை முடிவதற்குள் கூலியும் கொஞ்சம் ஏறியது. தனபாக்கியத்துக்கு, அனுமதி இல்லாமல் விடுதியை மாற்றினார் என்று வேதாரண்யத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கே போயும் அவர் சும்மா இருந்ததாகக் கேள்வியில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை வேதாரண்யத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஆலைக்காரர் வராமல் போயிருந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் எனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அந்தத் தெருவுக்கே கூட்டிக்கிட்டுப் போயி மூட்டையை எறக்கியிருப்பேன். தெருவே உக்காந்து சாப்பிட்டிருக்கும். கவர்மெண்டு அரிசியை எடுத்துப் போட்டேன்னு உள்ள தள்ளியிருப்பாங்க. தள்ளட்டும்னுதான் கெளம்பினேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அன்றைக்கு என் பக்கத்தில் அவ்வளவு சாதாரணமாக நடந்துவந்தவர், வேலை போகவும் ஜெயிலுக்குப் போகவும் தயாராகித்தான் வந்திருக்கிறார். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கூட வந்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமலாவது அவரோடு நடந்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நடைதான், அது எனக்குப் போதும்.