காலுக்கு வைக்காத கல்

எங்கள் முறைப்படி கல்யாணத்தில் பெண்ணுக்கு மெட்டி கொண்டுபோவது மாப்பிள்ளை வீட்டார். என் மகனுக்குப் பேசி முடித்தபோது, வரப்போகிற மருமகள் முதலில் தங்கக் கொலுசு போட ஆசை என்றாள். பொன் லட்சுமி, காலில் போடக்கூடாது என்று மறுத்துவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"அப்ப வெள்ளி மெட்டியிலை ஒரு சின்ன நீலக்கல்லு வைச்சுத் தாங்கோ அன்ரி. அது காணும்."

ஓம் என்றேன். மாமியாராக நான் கொடுத்த முதல் வாக்கு அது.

யோசிக்காமல் ஓம் என்றதற்குக் காரணம் இருந்தது. கனடாவில், மார்க்கம் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். அரிசோனாவில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். காலையும் பின்னேரமும் ஸ்கூல் பஸ் ஓட்டுவார், நடுவில் கராஜுக்குள் இருந்து வெள்ளி வேலை செய்வார். வெள்ளித் தகட்டின் மேல் கோலம் வெட்டிய உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு அடி. இரண்டாம் அடி விழுந்தால் கோலம் இரட்டித்துவிடுமாம். பிறகு நீலக்கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டி கட்டி, அதன் விளிம்பைக் கல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அமத்துவார். ரர்க்கோய்ஸ் என்கிற கல். வானத்து நீலம், உள்ளே கறுப்பு நரம்பு ஓடும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்த கையோடு, மரக்கறி ரோல்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கேட்கப் போனேன். என் ஆங்கிலம் பக்டரியில் பழகிய ஆங்கிலம். மெட்டியை விளக்கத் தெரியாமல் சப்பாத்தைக் கழற்றி என் காலையே காட்டினேன். குனிந்து பார்த்தார், வடிவாக இருக்கிறது, செய்யலாம் என்றார். கல்லைப் பற்றிச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். விடியக் கும்பிடும்போது அந்தக் கல்லைப் போட்டுக்கொண்டுதான் நிற்பாராம். அதைத் தன் கையால் காலுக்கு வைக்க மனம் வராது, மற்ற ஆட்கள் எப்படியோ தெரியாது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. விற்கிற கல்லுத்தானே என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். "ஸ்காபரோவிலை எத்தினை நகைக்கடை கிடக்கு, அங்கை குடுமன்" என்றார் என் கணவர், ரீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

போனேன். கடைக்காரத் தம்பி நாலு விதமான நீலக்கற்களை விரித்துக் காட்டினார். எதையும் வைத்துத் தரலாம் என்றார். பிறகு, காலுக்கென்றால் தங்கத்திலேயே செய்யலாம், இப்போது கன பேர் போடுகிறார்கள் என்றும் சொன்னார்.

"தங்கத்தைக் காலிலையோ தம்பி?"

என் வாய்தான் கேட்டது. கேட்ட பிறகு அந்த நீலக்கற்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிறகு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாவின் மனதை விளங்கிக்கொண்டேன், சரி. ஆனால் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தானே. சாமியறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனை எடுத்தேன். நடந்ததை மருமகளிடம் மறைக்காமல் சொன்னேன். கடையில் செய்விக்கலாம், நீ சொன்னால் நாளைக்கே கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் வீட்டுக்கு வரமுதலே நான் வாக்குத் தவறினவள் ஆகிவிட்டேன், முருகா, என்று நினைத்துக்கொண்டேன்.

"தங்கத்துக்கு நீங்கள் நோ, நீலத்துக்கு அவ நோ" என்றாள் அவள். "ரெண்டு சமயமும் சேந்து என்ர காலுக்கு எதிரா நிக்குது அன்ரி."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவளே சிரித்தாள். "கடையிலை வேண்டாம். சும்மா வெள்ளி காணும். ஆனா அவவே செய்யட்டும்."

சனிக்கிழமை அவளே வந்தாள். கராஜில் ஒரு சின்ன ஸ்டூலில் இருந்து சொக்ஸைக் கழற்றினாள். பக்கத்து வீட்டு அம்மா சீமெந்து நிலத்தில் இருந்து, பிள்ளையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டாம் விரலைச் சுற்றிக் கடதாசித் துண்டால் அளவெடுத்தார். கல்யாணத்துக்கு உங்கள் நீலக்கல் மாலையோடு வந்து முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று மருமகள் ஆங்கிலத்தில் கேட்டாள். எத்தனை மணிக்கு என்றார் அவர். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பதுக்கு முகூர்த்தம் என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மற்றக் காலைத் தரும்படி கையை நீட்டினார்.