பெட்டியில் இல்லாத வசனம்

என் வீட்டுக்காரர் எழிலரசன் கடவுளைக் கேட்காமல் ஒரு மின்விசிறிகூட வாங்கமாட்டார். போன கத்திரி வெயிலில் முன்னறை மின்விசிறி நின்றுபோனது. மூன்று நாள் ஜெபித்தார். நான்காம் நாள் நானே நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் போய் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன். "பாத்தியா பாரதி, கர்த்தர் குடுத்துட்டாரு" என்றார். வேர்த்து விறுவிறுத்து நின்றவள் நான். நல்ல பேர் வேறொருவருக்கு.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நெல்லித்தோப்பிலேயே ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வேலை. குடிப்பதில்லை, பொய் சொல்வதில்லை, யார் பேச்சுக்கும் போவதில்லை. அக்கம்பக்கத்தில் "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கத்தோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடி, அப்பாவும் போய்ச் சேர்ந்த காலத்தில், இவரும் இவருடைய அம்மா குஞ்சம்மாளும் ஒரு ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் ராஜாங்கம் மட்டும் எடுக்கவில்லை. "எனக்கு மாரியாத்தாளே போதும்" என்றுவிட்டார். கல்யாணமாகி வந்தபின் நானும் ஜெபவீட்டுக்குப் போனேன். எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனால் அடுப்பில் பால் பொங்கும்போது அணைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிற விசுவாசம் இல்லை.

அச்சகத்தில் வருஷக் கடைசியில் வாக்குத்தத்த அட்டைதான் முக்கிய வேலை. புது வருஷ ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் வசனத்தை இந்த வருஷம் ஆண்டவர் எனக்குக் கொடுத்த வார்த்தை என்று பர்சில் வைத்துக்கொள்வோம். கடலூர், விழுப்புரம் சபைகள்கூட இங்கே கொடுத்துத்தான் அடிக்கின்றன. ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட அட்டைகளை முதலாளி குப்பையில் போடச் சொல்வார். வசனத்தைக் குப்பையில் போட இவருக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மிட்டாய்ப் பெட்டியில் போட்டுவைப்பார். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் கண்ணை மூடி அதிலிருந்து ஒன்றை எடுப்பார். அன்றைக்கு அதுதான் வழி.

இப்படி இருந்த வீட்டுக்குப் போன மாசம் ஒரு வியாழக்கிழமை நாராயணசாமி வந்தார். உப்பளத்தில் ராஜாங்கம் மாமா குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒங்க அண்ணனுக்குச் சக்கரை முத்திப்போச்சுப்பா. காலு அழுகி, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு, அதான் சொல்லல. செவ்வாக்கெழம வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அவரு ரூமு மாடில இருக்கு. பதினெட்டு படி. பொண்டாட்டி புள்ளன்னு யாரும் இல்ல. எங்க போவாரு சொல்லு?"

இவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "ஜெபிச்சுட்டுச் சொல்றேண்ணே" என்றார்.

நாராயணசாமி என் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கெழமக்குள்ள சொல்லிடுவாராம்மா?" என்றார்.

அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. மாமியார் இறந்த அன்று வந்த வினை. அம்மா ஞானஸ்நானம் எடுத்தவள், கல்லறையில்தான் அடக்கம் பண்ண வேண்டும் என்றார் இவர். தெருவே கூடி நிற்கிறது, நம்ம முறைப்படிதான் எடுப்பேன் என்றார் அண்ணன். மேளம் வந்துவிட்டது, பாடையும் கட்டியாகிவிட்டது. தோள் கொடுப்பதா வேண்டாமா என்று இவருக்கு ஒரே தவிப்பு. உள்ளே போய்க் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தார். மரித்தவர்களை மரித்தவர்கள் அடக்கம் பண்ணிக்கொள்ளட்டும் என்று இயேசு சொன்ன இடத்தில் போய் விரல் நின்றது. அவ்வளவுதான். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார். பெற்ற தாயைத் தூக்கப் பக்கத்து வீட்டு ஆள் வந்து தோள் கொடுத்தார். "பெத்தவளுக்குத் தோள் குடுக்காதவன் எனக்குத் தம்பி இல்ல" என்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார் ராஜாங்கம் மாமா. அன்று ராத்திரியிலிருந்து இவர் சரியாகத் தூங்கியதில்லை. ஆனால் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

ஆக, இப்போது அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வரலாமா கூடாதா என்று ஆண்டவரிடம் கேட்கிறார். ஐந்து நாள் கேட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாசம். வெறும் தண்ணீர். எனக்கோ கோபம், ஏனென்றால் இவர் உபவாசம் இருந்தால் நம்மால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. அட்டை எடுத்தார். 'உன் எல்லைகளை விரிவாக்குவேன்' என்கிற மாதிரி வந்தது. "எல்லைய விரிவாக்குறதுன்னா, அண்ணனச் சேத்துக்கன்னு சொல்றாரோ?" என்றார். சனிக்கிழமை எடுத்தார். உன் வாசலுக்குள் தீங்கு வராது என்கிற மாதிரி ஒன்று. "தீங்குன்னா, சண்டைய வீட்டுக்குள்ள கொண்டாராதன்னு அர்த்தமோ?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போய் நின்றார். அவர் பாவம், வாசலில் நிற்கிற முப்பது பேருக்குத் தலையில் கைவைத்து முடிக்க வேண்டும். "ஆண்டவர் ஒங்களோட பேசுவாரு பிரதர், காத்திருங்க" என்றார். காத்திருக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தவருக்கு இது போதாதா? வரும் வழியெல்லாம் முகத்தில் ஒரு தெளிவு. பிறகு புதிதாக ஒரு அடையாளம் வைத்துக்கொண்டார். "அண்ணனே போன் பண்ணுனாருன்னா அது தேவசித்தம்" என்றார்.

"காலை வெட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்குற மனுஷன் ஒங்களுக்குப் போன் பண்ணணுமா?" என்று கேட்டேன்.

"கோவப்படாத பாரதி. அன்னிக்கு அவசரப்பட்டுத்தான் தப்பு பண்ணேன். இந்த வாட்டி தெளிவாத் தெரிஞ்சுக்கினுதான் செய்வேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு வருஷம் முன்னால் விரல் வைத்த இடம் தப்பு என்று இவருக்கே தெரிந்திருக்கிறது. மறுபடி தப்பாகிவிடுமோ என்ற பயம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் செவ்வாய்க்கிழமை தள்ளிப் போகுமா?

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், கைகால்கூடக் கழுவாமல் மிட்டாய்ப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். அச்சகத்தில் பிரிப்பதுபோல வகைவகையாகப் பிரித்து வரிசையாக அடுக்கினார். நான் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நாப்பது வசனம் இருக்கு பாரதி" என்றார். "குடுப்பேன், பெருக்குவேன், ஒசத்துவேன், காப்பாத்துவேன். அண்ணன்கிட்டப் போயி ஒப்புரவாகுன்னு ஒண்ணு இல்ல. நோயாளியப் போய்ப் பாருன்னு ஒண்ணு இல்ல. எந்தச் சபையும் அத அடிக்கக் குடுத்ததில்ல. இருவது வருஷமா நாந்தான வெட்டுறேன், எனக்குத் தெரியாதா? இதுக்குள்ள கையவிட்டு அஞ்சு நாளா தேடிக்கினு இருந்திருக்கேன்."

பிறகு வேதத்தை எடுத்தார். கண்ணை மூடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்று விரல் வைத்த அந்த அதிகாரத்தைத் தேடி, முதல் வரியிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தார். முதலில் குஷ்டரோகியை இயேசு தொடுகிறார். அப்புறம் ஒரு வேலைக்காரன் சுகமாகிறான். அப்புறம் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், அவள் கையைத் தொட்டு எழுப்புகிறார். அதன் பிறகுதான் அந்த வசனம் வருகிறது. "முன்னாடி பூரா தொட்டுக்கினே வர்றாரு" என்றார். "நான் நாலு வரி மேல படிச்சிருந்தாகூட அம்மாவத் தூக்கியிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சரி, ஒருவழியாக விடிந்தது என்று நினைத்தேன்.

உடனே அடுத்த வார்த்தை: "காலைல இன்னொரு வாட்டி ஜெபிச்சுட்டு முடிவு பண்ணிடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் நறுக்கிய வெண்டைக்காயைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளும் இவரைத் திட்டினேனே தவிர, "போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் போயிருப்பார். மின்விசிறி விஷயத்தில் கடவுளுக்குக் காத்திராதவள் இதில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? எங்களுக்கு இருப்பது இரண்டே அறை. ஒன்றில் மகள் இனியா பரீட்சைக்குப் படிக்கிறாள். இவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். அந்தப் புண்ணைத் துடைக்கப்போவது யார், மலஜலம் எடுக்கப்போவது யார்? நான். அதனால் இவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை கடந்துவிடட்டும் என்று உள்ளுக்குள் நினைத்தேன். முடியாது என்று கடவுள் சொன்னதாக இருக்கட்டும், நான் சொன்னதாக வேண்டாம். இவர் ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இவரையே கேலி செய்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபம் முடிய மணி பத்தாகிவிட்டது. எழுந்து வந்து, "எனக்கு ஒண்ணும் கேக்கல பாரதி. நாம போவலாம்" என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டதும் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் கட்டில் காலி. புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த ஆயாம்மா, "டீக்கடைக்காரரு காலைலயே கூட்டிப் போய்ட்டாரே" என்றாள். இவர் அந்தக் காலிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உப்பளத்துக்கு ஆட்டோ பிடித்தோம். டீக்கடைக்குப் பின்னால், பால் கேனும் சர்க்கரை மூட்டையும் இருந்த அறையை ஒழித்து, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மெத்தை விரித்திருந்தார் நாராயணசாமி. அதில் ராஜாங்கம் மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே" என்றார் இவர், நாராயணசாமியிடம்.

"கேக்க இன்னாப்பா இருக்கு? அவரால படி ஏற முடியாது" என்றார் நாராயணசாமி. சொல்லிவிட்டுப் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அது அவ்வளவுதான்.

இவர் அண்ணன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "வீட்டுக்கு வாண்ணா" என்றார்.

மாமா தம்பியைப் பார்க்கவில்லை. "எப்ப ஒத்தரவு வந்துச்சு ஒனக்கு?" என்றார்.

"வரல. நானா வந்தேன்."

கடைக்குள் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பாரதி, அவன் எதையாவது சொல்லுவான். ஒனக்கு இஷ்டமா?"

இந்த ஐந்து நாளில் யாரும் கேட்காத கேள்வி. இஷ்டந்தான் மாமா என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தது. ஒரு காலை இழந்து உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல மாமா" என்றேன். "பயமா இருக்கு. என்னால முடியுமான்னு தெரியல. ஆனாலும் வாங்க."

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மாமாவின் வாயோரம் மெல்லக் கோணியது. அது சிரிப்புதான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

"ஒங்க வூட்டுல ஒருத்தராவது நேரா பேசறீங்களே" என்றார். பிறகு, ஏழு வருஷத்துக்கு அப்புறம் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "எழிலு, பெஞ்சுக்கு அடியில என் செருப்பு கெடக்கு பாரு, எடு. ஒண்ணு போதும்."

இவர் குனிந்தார். யாரையும் கேட்காமல் இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.